மேடும் பாத்தியும்

காலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. முதலில் கண்ணில் பட்டது தண்ணீர் இறைக்கும் துலாவின் நுனி. முன்வீட்டு அக்காவின் வளவுக்குள், முதல் நாள் மாலை வரை கிணறு இருந்த இடத்தில், வெள்ளையும் சிவப்பும் குழைந்த மண் நின்றது. துலாவைத் தாங்கும் ஆடுகால் முறிந்து அது சரிந்திருந்தது. அதன் மெலிந்த முனை மட்டும் ஒரு கை நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. துலாக்கொடி முனையிலிருந்து அவிழவில்லை. கொடியின் மறுபக்கம் மண்ணுக்குள் இறங்கியிருந்தது.

மழை விட்டிருந்தது. அக்கா குசினி வாசலில் நின்றார். இடுப்பில் வெறும் குடம். விடியத் தண்ணீர் அள்ள வந்தவர் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார் என்பது தெரிந்தது. முற்றத்தில், மண் வந்து சேராத பக்கத்தில், பனங்கிழங்குக் கட்டுகள் வரிசையாக அடுக்கியபடி இருந்தன. மழையில் கழுவப்பட்டு மஞ்சளாகத் தெரிந்தன.

நான் படலையைத் திறந்து உள்ளே போனேன். அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"வடிவா வெட்டியிருக்கினம், என்ன தம்பி?"

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதைச் சொல்ல ஒரு வருடத்துக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

புங்குடுதீவில் கல்லுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் தண்ணீருக்குத்தான். பெரும்பாலான கிணறுகள் உவர். குளிக்கலாம், மாட்டுக்கு வைக்கலாம், சோறு ஆக்கினால் நிறம் மாறும். நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள வளவுக்கு இருக்கும் மதிப்பு வீட்டைப் பார்த்து வருவதல்ல. அக்காவின் வீடு இரண்டு அறையும் ஒரு குசினியும்தான். அவருக்குச் சீதனமாக வந்த வளவு அது. கிணற்றைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்தார்கள் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். கணவர் தென்னிலங்கையில் கடை வைத்திருந்தார். சித்திரைக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவார். ஒரே மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அந்தக் கிணறு அவளுக்குப் போக வேண்டியது. அக்காவின் கணக்கில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

காலையும் மாலையும் அக்கம்பக்கத்துப் பெண்கள் அங்கே குடத்தோடு நிற்பார்கள். நானும் அந்தத் தண்ணீரில்தான் தேநீர் குடித்தேன். எதிர் வளவில் குடியிருந்தேன். பட்டணத்துப் பத்திரிகை ஒன்றுக்குத் தீவுப்பகுதிச் செய்திகள் எழுதி அனுப்புவது என் வேலை.

வீதி வேலைக்குக் கல் வெட்டவென்று, அந்த வேலையை ஒப்பந்தம் எடுத்த கொந்தராத்துக்காரர் ஒருவர் வந்தார். அக்காவின் வளவுக்குப் பின்னால் இருந்த வெறுங்காணியும் அதற்கு அப்பால் இருந்த பனங்காணியும் கொழும்பில் இருந்த ஒருவருடையவை. அவர் இரண்டையும் குத்தகைக்குக் கொடுத்தார். பனங்காணியில் கல் வெட்டுவது, வெறுங்காணியில் கழிவைப் போடுவது என்று ஏற்பாடு. எங்கள் நிலத்தில் மேலே கொஞ்சம் செம்மண், அதற்குக் கீழே மக்கி என்கிற சுண்ணாம்புச் சரளை, நடுநடுவே வெள்ளைக் களி, அதற்கும் கீழேதான் உறுதியான கல். கல் எடுக்க வேண்டுமென்றால் மற்றதையெல்லாம் முதலில் அள்ளி எங்கேயாவது வைக்க வேண்டும். எடுத்த கல்லைவிடக் கழிவு அதிகம்.

வேலையை மேற்பார்த்தவர் வடமராட்சிப் பக்கத்து ஓவசியர் ஒருவர். நாற்பது வயது இருக்கும். வெள்ளைக் களிசான், தலையில் தொப்பி. மண் கொட்டத் தொடங்குமுன் அவரே படலைக்கு வந்து கூப்பிட்டார். நான் அப்போது அக்காவின் கிணற்றடியில் நின்றேன்.

"அக்கா, பின்காணியில மண் போடப்போறம். உங்களுக்கு ஒரு கரைச்சலும் வராது."

"வெட்டின குழிக்குள்ளயே போடலாமே. எங்கயிருந்து வந்ததோ அங்க போகட்டும்."

"குழிக்குள்ள இன்னும் கல் கிடக்கு. கடைசியில எல்லாம் குழிக்குத்தான் போகும்."

"கடைசி எப்ப?"

"கல் முடிய."

"கல் முடியாது தம்பி. முழுத் தீவும் கல்லுத்தான்."

ஓவசியர் சிரித்தார். ஆனால் கேட்டதை மறக்கவில்லை என்பது மறுநாள் தெரிந்தது. கொட்டுமுன் அந்தக் காணியின் மேல்மண்ணையும் புல்லையும் சீவி ஒதுக்க வைத்தார். அக்காவின் வேலிப்பக்கம், நான்கு பேர் அலவாங்கு போட்டுப் புரட்டும் அளவுக் கற்களை வரிசையாகப் பதித்தார். அதற்கும் வேலிக்கும் இடையில் ஒரு வாய்க்கால் வெட்டி, மழைத் தண்ணீர் கடல் பக்கம் போக வழிவிட்டார். பிறகுதான் முதல் ட்ரக்டர் பெட்டி மண் வந்தது.

கழிவைக் குவித்துக்கொண்டு போகவில்லை. ட்ரக்டர் பெட்டி கொட்டியதை ஆட்கள் மண்வெட்டியால் இழுத்துப் பரப்பினார்கள். ஒரு படை ஒரு முழத்துக்கு மேல் தடித்தால் மறுபடி பரப்பச் சொல்வார். அதன் மேல் வீதி றோலர் ஏறி இறங்கும். அது முடிந்த பின்தான் அடுத்த படை. மேலே போகப் போக விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே எடுத்தார். தூர நின்று பார்த்தால் பெரிய படிக்கட்டுப் போல இருந்தது.

ஈரம் பார்ப்பதில் அவர் கண்டிப்பானவர். ஒரு பிடி மண் எடுத்து இறுகப் பொத்தித் திறப்பார். விரல் அடையாளம் பதிந்து கட்டி உடையாமல் இருந்தால் சரி. உதிர்ந்தால் தண்ணீர் போதாது. கையில் ஒட்டினால் கூடிவிட்டது, காயும்வரை நிறுத்து. அக்கா வேலிக்கு மேலால் இதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆட்கள் போன பின் மாலையில் அவரும் ஏறி, ஒரு காலைத் தூக்கிக் குதிக்காலால் ஓங்கி மிதித்துப் பார்ப்பார். குதி இறங்காவிட்டால் திருப்தியோடு இறங்கி வருவார். மாரி முழுவதும் இப்படிப் போனது. அந்த மாரியில் வாய்க்காலில் ஓடிய தண்ணீர் வேலியைத் தொடவில்லை.

மாசி கழிந்து வெயில் ஏறியதும் தொடங்கியது பிரச்சினை. காய்ந்த மண் றோலருக்கு இறுகாது. தண்ணீர் தெளிக்க வேண்டும். தண்ணீர் எங்கே? தண்ணீர் ஏற்றும் பவுசர் வண்டி அக்காவின் படலையில் வந்து நின்றது. அக்கா சம்மதித்தார். மேடு இறுகாவிட்டால் கிணற்றுக்குத்தான் கேடு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குடத்தோடு நின்ற பெண்களுக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"மண்ணுக்குப் பவுசரில தண்ணி. எங்களுக்கு ஆளுக்கு ஒரு குடம்."

"மண் குடிச்சு முடிக்கட்டும் பிள்ளை. மிச்சம் இருந்தா நாங்கள் குடிப்பம்."

"மண் இறுகாட்டி உங்களுக்கு அந்த ஒரு குடமும் இல்லை," என்றார் அக்கா.

"அப்ப உந்த மண்ணைக் கொண்டுபோய்ச் சாமியறையில வையுங்கோ. பால் அபிஷேகமும் செய்யலாம்."

சிரித்தவர்களில் என் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்து தரும் பெண்ணும் இருந்தாள். பங்குனி நடுவில் தண்ணீர் கரிக்கத் தொடங்கியது. நல்ல தண்ணீர் எங்கள் நிலத்தில் உப்புத் தண்ணீரின் மேல் படலமாகத்தான் கிடக்கிறது. ஓரளவுக்கு மேல் இறைத்தால் அடியில் இருப்பது மேலே வரும். அக்கா ஒரு மிடறு குடித்துப் பார்த்துத் துப்பினார். அன்றோடு பவுசர் நின்றது.

கடல் நடக்கும் தூரத்தில் இருந்தது. கொந்தராத்துக்காரரின் ஆள் ஒருவர், கடல் தண்ணீரைத் தெளித்தால் என்ன, மண் இறுகத்தானே வேணும் என்று கேட்டார். அக்கா வேலியைப் பிரித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"ஒரு வாளி கடல் தண்ணி இதில விழட்டும், நான் பவுசருக்கு முன்னால படுப்பன். மழை பெய்ய உப்பெல்லாம் எங்க போகும்? என்ர கிணத்துக்குத்தானே."

"அவ சொல்லுறது சரி. கடல் தண்ணி வேண்டாம்," என்றார் ஓவசியர்.

"அப்ப என்ன செய்யிறது?"

"மழை வருமட்டும் கொட்டாமல் விடுறது."

கொந்தராத்துக்காரர் பட்டணத்திலிருந்து காரில் வந்து, வீதிக்குக் கல் போக வேண்டும், கல் போக வேண்டுமென்றால் கழிவு எங்கேயாவது போக வேண்டும் என்று சொல்லிவிட்டு, இறங்காமலே போனார். சித்திரையும் வைகாசியும் காய்ந்த மண்ணின் மேல் காய்ந்த மண்ணைப் போட்டார்கள். றோலர் ஓடிய இடத்தில் புழுதி எழுந்து அக்காவின் கூரையில் படிந்தது. ஓவசியர் மண்ணைப் பொத்தித் திறந்தார். அது விரலிடுக்கால் மாவாக விழுந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் மேற்படைகளைக் கிளறி, நனைத்து, மறுபடி இறுக்கிவிடலாம் என்பது அவர் திட்டம். நடக்கக்கூடிய திட்டம்தான். றோலர் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவே.

அது நாட்டில் உணவுத் தட்டுப்பாடு வந்து, பேக்கரிப் பாணுக்கு வரிசையில் நின்ற காலம். கோதுமை மா எப்போது வரும் என்று கூட்டுறவுச் சங்கக் கடையிலும் தெரியாது. ஆடி, ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கியது. விதைகளைப் புதைத்துக் கிழங்காக்கினால் தையில் அவிக்கலாம், காய வைத்து ஒடியலாக்கி அடுத்த மாரி வரை சாப்பிடலாம். கொட்டை எல்லாரிடமும் இருந்தது. பாத்தி போட இளகிய மண்தான் அரிது. கல்லுத் தரையில் கிழங்கு கோணிக்கொண்டு நிற்கும். அப்போதுதான் ஊர் அந்த மேட்டைப் பார்த்தது. செம்மண், மக்கித் தூள், களி எல்லாம் கலந்து, யாரும் கொத்தாமலே பொலபொலவென்று, முழங்கால் புதையும் இளக்கத்தில் கிடந்தது.

வாசிகசாலை முற்றத்தில் கூட்டம் வைத்தார்கள். பேசியவர் சங்கக் கடை மனேச்சர். நன்றாகப் பேசக்கூடியவர்.

"வரிசையில நிண்டு கால் வீங்கினதுதான் மிச்சம். இஞ்ச மலை மாதிரி மண் சும்மா கிடக்கு. கொத்த வேண்டாம், உழ வேண்டாம். உதைவிடப் பெரிய பாத்தி இலங்கையில எங்க கிடக்கு, சொல்லுங்கோ பாப்பம்."

சிரிப்பு எழுந்தது. ஓவசியர் கதிரையிலிருந்து எழும்பினார்.

"அது பாத்தி இல்லை, மேடு. தயவுசெய்து பாத்தி எண்டு சொல்லாதேங்கோ."

"என்ன பேர் சொன்னால் என்ன ஓவசியர்? கிழங்குக்குப் பேர் தெரியுமே?"

"மழைக்கு முன்னம் மேல் மண்ணை இறுக்க வேணும். இல்லாட்டித் தண்ணி உள்ளுக்க இறங்கும்."

"இறுக்கினாக் கிழங்கு இறங்காது."

இரண்டும் உண்மை. இறுகிய மண்ணில் கிழங்கு இறங்காது, இறுகாத மண்ணில் தண்ணீர் இறங்கும். கூட்டத்தில் இருந்தவர்களுக்கு முதலாவதுதான் பசியோடு சம்பந்தப்பட்டதாக இருந்தது. பெண்கள் பக்கத்தில் இருந்து அக்கா எழும்பினார்.

"கீழ என்ர கிணறு கிடக்கு. அதில குடிக்கிற ஆக்கள்தான் இஞ்ச முக்கால்வாசி இருக்கிறியள்."

"உங்கட கிணத்தை ஆர் அக்கா தொடப்போயினம்? நாங்கள் மேலதானே நடப்போறம்," என்றார் மனேச்சர்.

கடைசியில் ஓவசியர் இரண்டு விஷயங்கள் சொன்னார்: தட்டையான உச்சியில் மட்டும் நடலாம், சரிவில் கூடாது; தையில் கிழங்கை மேலால் பிடுங்க வேண்டும், பக்கத்தால் வெட்டக்கூடாது. எல்லாரும் ஓம் என்றார்கள். அந்த ஓமை நான் குறிப்பெடுத்துச் செய்தியாகவும் அனுப்பினேன். "உணவு உற்பத்தியில் புங்குடுதீவு மக்கள்" என்று தலைப்புப் போட்டுப் பிரசுரித்தார்கள்.

கொந்தராத்துக்காரருக்கு இதைவிட நல்ல செய்தி கிடைத்திருக்காது. ஊரே இறுக்க வேண்டாம் என்கிறது. றோலரை மண்கும்பான் கிராமத்து வேலைக்கு எடுத்துவிட்டார். றோலரோடு ஓவசியரையும். போகிற அன்று ஓவசியர் அக்காவிடம் வந்தார்.

"அந்த வாய்க்காலை மட்டும் மூட விடாதேங்கோ."

"நான் ஆர் தம்பி மறிக்கிறதுக்கு? என்ர தண்ணியைக் குடிக்கிற ஆக்களே என்னோட முகம் குடுத்துக் கதைக்கினமில்லை."

"நான் ஐப்பசிக்கு ஒருக்கா வந்து பாக்கிறன்."

அவர் வரவில்லை. வரவிடவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

மேடு என்றால் எங்கள் ஊரில் ஏறி நிற்கிற இடம், வெள்ளத்துக்கு மாட்டைக் கட்டுகிற இடம். பாத்தி என்றால் விதைத்து வெட்டுகிற இடம். ஆவணி முடியுமுன்னமே அந்தக் குவியலை இன்னும் மேடு என்று சொன்னவர்கள் அக்காவும் நானும்தான். பனைமட்டை நட்டுப் பங்கு பிரித்தார்கள். உச்சி போதவில்லை. சரிவில் இறங்கினார்கள். சரிவும் போதாமல் அடிக்கு வந்தார்கள். வாய்க்காலுக்குள் புழுதி வந்து நிறைந்து, வேறு எங்கும் இல்லாத பஞ்சு போன்ற மண் கிடந்தது. அதை மண்வெட்டியால் நிரவி அதற்குள்ளும் கொட்டை பரப்பினார்கள்.

தன் கிணற்றுக்கு நேர் மேலே இருந்த அடிப்பங்கை அக்கா கேட்டு வாங்கினார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கேட்டேன்.

"நான் எடுக்காட்டி வேற ஆரும் எடுப்பினம். எடுத்தவை தையில வெட்டுவினம். நான் நட்டா நான் வெட்டாமல் விடுவன்."

அவரும் மகளும் கடகத்தில் கொட்டை சுமந்து நட்டார்கள். மற்றவர்களுக்கு அது சமாதானமாகத் தெரிந்தது. தண்ணீர் அள்ள வந்தவர்கள் மறுபடி பேசத் தொடங்கினார்கள்.

மாரி வந்தது. மேடு பிடித்து நின்றது. ஓவசியர் ஒழுங்காகப் போட்ட கீழ்ப்படைகளும் அந்தப் பெரிய கற்களும் தாங்கிக்கொண்டன என்று நினைக்கிறேன். அக்கா மழை விட்ட நேரங்களில் ஏறிக் குதியால் மிதித்துப் பார்த்தார். கணுக்கால் வரை போனது. இறங்கி வந்து காலைக் கழுவுவார்.

தை பிறந்து பொங்கல் முடிந்ததும் கிழங்கு வெட்டு. பனங்கிழங்கை மேலால் இழுத்தால் கழுத்தில் முறியும், பாதி மண்ணுக்குள் நின்றுவிடும். ஆகவே எங்கள் ஆட்கள் பாத்தியின் ஒரு தலைப்பில் குழியாகக் கிடங்கு வெட்டி, மண்ணைச் சுவர் போல் செங்குத்தாக நிறுத்தி, அடியைக் கிண்டிச் சுவரைச் சரித்துக்கொண்டே போவார்கள். கிழங்குகள் முறியாமல் கையில் வரும். நடக்கத் தொடங்கிய நாள் முதல் பார்த்துப் பழகியது இது. வாசிகசாலையில் ஓம் சொன்னபோது யாரும் பொய் சொல்லவில்லை. கையில் மண்வெட்டியை எடுத்தபோது கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. முதல் நாள் ஒருவர் மட்டும் சொன்னபடி மேலால் பிடுங்கினார். கிழங்கு படார் படாரென்று முறிந்தது.

"உதென்ன, பல்லுப் பிடுங்கிறீரோ?" என்று பக்கத்துப் பங்குக்காரர் கேட்டார்.

மத்தியானத்துக்குள் அவரும் கிடங்கு வெட்டிக்கொண்டிருந்தார். சில நாட்களில் அந்தச் சரிவு முழுவதும் செங்குத்துச் சுவர்கள். வெட்டிக் கொட்டிய மண், மேலே இளகிக் கிடந்தது. அடியில் இருந்த கற்கள் சிலவற்றை வழிக்கு இடைஞ்சல் என்று புரட்டி ஒதுக்கியிருந்தார்கள்.

அக்காவின் பங்கு மட்டும் வெட்டாமல் நின்றது. ஓலை முளைத்துப் பச்சையாகத் தெரிந்தது.

"அக்கா, கிழங்கு முத்திப்போகுது. பிறகு தும்பு உரிக்கத்தான் உதவும்," என்றாள் தண்ணீர் அள்ள வந்த ஒருத்தி.

"அக்காவுக்கென்ன, புருஷன்ர கடைக் காசு. எங்களைப் போலக் கிழங்கு தின்ன வேணுமே?"

அவர் கேளாதது போல் துலாவை இழுத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை அக்காவும் மகளும் குறிகட்டுவான் துறையில் படகேறி நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போனார்கள். அன்று நான் பட்டணம் போயிருந்தேன். பின்னேர பஸ்ஸில் இறங்கி வரும்போது அக்காவின் வளவுக்குள் ஆள் நடமாட்டம் தெரிந்தது. கிணற்றடியில் பரிகசித்த அதே பெண்கள். அவர்களுடைய புருஷன்மாரும் இருந்தார்கள். அடிப்பங்கு வெட்டி முடிந்திருந்தது. ஊரில் நான் பார்த்த வெட்டுகளிலேயே நேர்த்தியானது. தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்தில், தூக்குக்குண்டு பிடித்தது போன்ற சுவர். கிழங்குகளை மண் உதறி, அளவு பார்த்து, ஓலை ஈர்க்கால் கட்டி முற்றத்தில் அடுக்கியிருந்தார்கள். முற்றத்தைக் கூட்டித் தண்ணீரும் தெளித்திருந்தார்கள்.

அக்கா விபூதிப் பொட்டலத்தோடு படலையால் வந்தார். பால் அபிஷேகம் என்று பரிகசித்தவள்தான் முதலில் கிட்டப் போனாள்.

"அக்கா, நாங்கள் கதைச்சதை மனசில வைச்சிருக்காதேங்கோ. உங்களுக்கு வெட்டித்தர ஆம்பிளை ஆள் இல்லையெண்டு தானே விட்டிட்டு இருக்கிறியள். எங்களிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. ஒரு கிழங்குகூட முறியேல்லை, பாருங்கோ."

அக்கா சுவரைப் பார்த்தார். பிறகு அவர்களைப் பார்த்தார்.

"நல்லது பிள்ளை," என்றார். பொட்டலத்தைப் பிரித்து எல்லாருக்கும் விபூதி கொடுத்தார்.

அவர்கள் போன பின், நானும் அவருமாக வேலியோரம் கிடந்த பனங்குற்றிகள் சிலவற்றை உருட்டிச் சுவரடியில் வைத்தோம். அவை எதையும் தாங்கப் போவதில்லை. தென்கிழக்கே மேகம் கறுத்திருந்தது. தையில் அப்படி மழை வருவது வழக்கமில்லை. ஆனால் வராததும் இல்லை. அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு தெருப்பக்கத்து அறையில் படுத்தார். இரவு கொட்டிய மழையில் மேடு சரிந்த சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கவில்லை. அவருக்கும் கேட்கவில்லை என்றுதான் சொன்னார்.

காலையில் ஊர் கூடியது. மனேச்சர் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"மழை அக்கா. மழையை ஆர் மறிக்கிறது?"

கொந்தராத்துக்காரர் ஊரைச் சொன்னார். ஊர் கொந்தராத்துக்காரரைச் சொன்னது. ஓவசியர் செய்தி கேட்டு மண்கும்பானிலிருந்து சைக்கிளில் வந்தார். குந்தியிருந்து ஒரு பிடி மண்ணைப் பொத்தினார். அது விரல்களுக்கு நடுவால் கூழாக வழிந்தது. கையைக் களிசானில் துடைத்தார்.

"பாத்தி எண்டு சொல்லாதேங்கோ எண்டனான்," என்று என்னிடம்தான் சொன்னார். சைக்கிளில் ஏறிப் போனார்.

நான் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். நனைக்கத் தண்ணீர் இல்லாதது, றோலர் போனது, வாய்க்கால் மூடியது, வெட்டு. பத்திரிகையில் நான்கு வரி வந்தது: தீவுப்பகுதியில் எதிர்பாராத மழை, மண் சரிந்து கிணறொன்று மூடுண்டது, உயிர்ச்சேதம் இல்லை.

கிணற்றைத் தோண்டி எடுக்க முயன்றார்கள். வெட்டிய பெண்களின் புருஷன்மார்தான் முதலில் இறங்கினார்கள். வாரி எறிந்த அளவு மண் பக்கத்தால் வந்து விழுந்தது. கட்டுக்கல் உள்ளே உடைந்திருந்தது. கடைசியில் தண்ணீர் கண்டது. வெள்ளையாக வந்தது. தெளிந்த பின் அக்கா ஒரு மிடறு குடித்துப் பார்த்து, "விடுங்கோ" என்றார். உப்பு. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள்.

அதன் பின் எங்கள் பக்கத்துப் பெண்கள் கோயிலுக்கு அப்பால் இருந்த ஒரு கிணற்றுக்குக் குடம் எடுத்துப் போனார்கள். அக்காவும் போனார். அங்கே அவரை யாரும் பரிகசிக்கவில்லை. முன்னால் விடவும் இல்லை. முற்றத்தில் அடுக்கியிருந்த கிழங்கை அவர் ஒன்றும் வீணாக்கவில்லை. சுமந்துவந்த தண்ணீரில் அவித்தார், காய வைத்தார், எனக்கும் புழுக்கொடியல் தந்தார். நல்ல கிழங்கு. தும்பு இல்லை.

கல் வெட்டும் வேலை அடுத்த வருடத்தோடு நின்றது. குழிக்குள் மண் போகவில்லை. மழைத் தண்ணீர் நின்று பச்சையாகிக் கிடக்கிறது. சில வருடங்களின் பின் மகளுக்குக் கல்யாணம் பேசியபோது சீதன உறுதிப் பத்திரத்தில் வீடும் வளவும் என்று எழுதினார்கள். தாயின் உறுதியில் வீடும் வளவும் நன்னீர்க் கிணறும் என்று இருந்தது. பேசிவந்த முதல் இடம் அதோடு நின்றுபோனது. மகள் இரண்டாவதாக வந்த இடத்துக்குப் போனாள்.

மண் சரிந்த அதே வருடம் ஆவணியில் மறுபடி பனம்பழம் விழுந்தது. வளவுக்குள் வந்து கிடந்த மண்ணை அள்ள யாரும் வரவில்லை. அதில் பாத்தி போடலாமா என்று இரண்டு பெண்கள் வந்து கேட்டார்கள். அக்கா "நடுங்கோ" என்றார். தையில் வெட்டியபோது, கிணறு இருந்த இடத்தில் கிழங்கு மற்ற இடங்களைவிட ஒரு சாண் நீளமாக இறங்கியிருந்தது.